மல்கோவாவின் கொள்ளுப்பேத்தி

சென்ற ஜூனில் எட்டு நாட்கள் தைவானில் இருந்தேன். "ஃபாரின் ட்ரிப்பா? ட்ரீட் எங்கே?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிக்கெட் என் காசில்லை. பெரியம்மா மகன் அங்கே ஷின்ச்சூ என்ற ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். மகனைப் பார்க்கப் புறப்பட்ட பெரியம்மாவைத் தனியாக விமானம் ஏற்றிவிட வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. பி.காம். இரண்டாம் வருடம் முடித்துவிட்டு வெட்டியாக இருந்தவன் நான் ஒருத்தன்தான். துணைக்கு அனுப்பினார்கள்.

போன இடத்தில் கோயில் பார்த்தோம், கடல் பார்த்தோம், 101 மாடிக் கட்டிடம் பார்த்தோம். அதையெல்லாம் எழுதப் போவதில்லை. எழுதப் போவது ஒரு கிண்ணம் ஐஸைப் பற்றி.

தைவானில் கோடை வந்துவிட்டால் ஊரெல்லாம் மாம்பழ ஐஸ்தான். பெரிய கிண்ணத்தில் பஞ்சு மாதிரி சீவிய ஐஸ், அதன் மேல் சதுரம் சதுரமாக நறுக்கிய மாம்பழம், அதன் மேல் மில்க்மெய்ட் மாதிரி கெட்டிப் பால், உச்சியில் ஒரு உருண்டை மாம்பழ ஐஸ்கிரீம். சுமார் 200 தைவான் டாலர், நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். தைனான் நகரில் ஒரு கடையில் அரைமணி நேரம் வரிசையில் நின்று வாங்கினோம். எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் சாப்பிடுவதற்கு முன் ஃபோட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன். மறைப்பானேன்.

சாப்பிட்டுப் பார்த்து நான் சொர்க்கத்தில் இருந்தேன். பெரியம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "இனிப்பு இருக்கு கண்ணு. ஆனா நம்ம மல்கோவாவுக்கு இது உறை போடக் காணாது" என்றார். பெரியம்மா பிறந்தது சேலம் பக்கம். மாம்பழ விஷயத்தில் அவரிடம் அப்பீல் கிடையாது. அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவ்வளவு தூரம் அழைத்துப் போய்க் காட்டியவர் அல்லவா.

ஊருக்குத் திரும்பி, அந்தப் பழத்துக்கு என்ன பெயர், எங்கிருந்து வந்தது என்று சும்மா தேட ஆரம்பித்தேன். இரண்டு நாள் தூங்கவில்லை. ஏனென்றால் பெரியம்மா ஒதுக்கிவைத்த அந்தச் சிவப்புப் பழம் வேறு யாருமில்லை. மல்கோவாவின் கொள்ளுப்பேத்தி!

முதலில் தைவான் கதை. அந்தத் தீவில் பழைய நாட்டு மாம்பழம் ஒன்று உண்டு. பச்சைத் தோல், சின்னப் பழம், நார் அதிகம். 1624 முதல் 1662 வரை தெற்கு தைவானை ஆண்ட டச்சுக்காரர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்கிறார்கள். நாம் சாப்பிட்ட பழம் அதுவல்ல. அதன் பெயர் இர்வின். சீன மொழியில் அதை 'ஐவென்' ஆக்கிவிட்டார்கள். ஐ என்றால் அன்பு, வென் என்றால் எழுத்து. அன்பெழுத்து என்று பெயர் வைத்த பழத்தை யார்தான் வாங்கமாட்டார்கள்? மார்க்கெட்டிங் பாடத்தில் பிராண்ட் நேம் பற்றிப் பத்துப் பக்கம் படித்தபோதுகூட எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

இர்வின் தைவானுக்கு வந்தது 1954-ல், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலிருந்து. இப்போது அமெரிக்காவுக்கு ஏன் போகிறோம் என்று கேட்காதீர்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

1889-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தியாவிலிருந்து சில ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்தது. அவற்றில் ஒரு ரகத்தின் பெயரை அவர்கள் 'முல்கோபா' என்று எழுதிவைத்தார்கள். நம் மல்கோவாதான், அவர்கள் வாயில் அப்படி நுழைந்தது. கன்றுகள் கப்பலேறியது பம்பாய்ப் பக்கத்திலிருந்து. ஆகவே அது சேலத்துத் தோப்பு மரம் என்று நான் உரிமை கொண்டாட முடியாது. பெயர் உறவு மட்டும் போதும் எனக்கு.

பெயர் என்றதும் இன்னொன்று. ஆங்கிலத்தின் 'மேங்கோ'வே நம் தென்னிந்தியச் சொல்தான். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. போர்ச்சுகீசியர் அதை மங்கா ஆக்கினார்கள், அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. சீனர்கள் சொல்லும் 'மாங்க்வோ'வின் முதல் பாதியும் அதுதான். சரி, ஃப்ளோரிடாவுக்குப் போவோம்.

அந்தக் கன்றுகள் லேக் வொர்த் ஏரிக்கரையில் குடியிருந்த எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் வந்தன. கான்ஸஸில் தோட்டக்கலை கற்பித்தவர். வயதான காலத்தில் மாமரம் வளர்த்துக்கொண்டு இருந்தார். அவர் இருந்த பகுதிக்கே 'மேங்கோனியா' என்று பெயர் வந்தது. நம்மூரில் மாந்தோப்பு என்று ஒரு பஸ் ஸ்டாப் இருப்பது போல.

மாமரத்துக்கு உறைபனி ஆகவே ஆகாது. லேக் வொர்த்தோ வெப்பமண்டலக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. 1894-95 குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவில் வரலாறு காணாத பனி விழுந்தது. மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்கள் மொத்தமாகக் கருகின. பணக்காரர்கள் பலர் அந்த இரண்டு மாதங்களில் ஏழைகளானார்கள். கேல் வீட்டு மல்கோவாக்களும் செத்தன. ஒன்றைத் தவிர. அந்த ஒற்றை மரம் 1898-ல் காய்த்தது. நாரே இல்லாத, வழவழப்பான மாம்பழத்தை அந்த ஊர்க்காரர்கள் அப்போதுதான் கண்டார்கள். அதுவரை அவர்களுக்குத் தெரிந்த மாம்பழத்தின் பெயர் 'டர்பன்டைன்'. பெயின்ட்டில் கலக்கும் அதே டர்பன்டைன்தான், வாடை அப்படி. :-)

கேலின் மரத்துப் பழங்களை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் ஹேடன். ராணுவ கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர், மயாமிக்குப் பக்கத்தில் கோகனட் குரோவில் வீடு. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை 1902-ல் நட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார். கணவர் நட்டுவிட்டுப் போன அந்தச் செடிகளை மனைவி ஃப்ளாரன்ஸ் ஹேடன் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். 1910-ல் அவற்றில் ஒரு மரம் காய்த்தது. பழத்தில் சிவப்பு நிறம் இருந்தது. அந்த ரகத்துக்கு 'ஹேடன்' என்று பெயர்.

2000-களில் நடந்த மரபணு ஆய்வு ஹேடனின் தந்தை அந்த டர்பன்டைன் என்று கணித்தது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்ட மரம். உயர்குடி மல்கோவாவுக்கும் வாடை பிடித்த நாட்டு மரத்துக்கும் பிறந்த பிள்ளைதான் அமெரிக்க மாம்பழத் தொழிலையே தொடங்கி வைத்தது. தமிழ் சினிமாவுக்குக் கதை தேடும் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் வேகமாகச் சொல்லிவிடலாம். ஹேடன் கொட்டையில் பிறந்தது லிப்பன்ஸ். லிப்பன்ஸ் கொட்டையை 1939-ல் மயாமியில் எஃப்.டி. இர்வின் என்பவர் நட்டார். 1945-ல் காய்த்தது, 1949-ல் அவர் பெயரையே வைத்தார்கள். ஆக மல்கோவா, அதன் பிள்ளை ஹேடன், பேத்தி லிப்பன்ஸ், கொள்ளுப்பேத்தி இர்வின்.

இதில் பெரிய மல்கோவாவுக்கு என்ன ஆயிற்று? ஃப்ளோரிடாவில் அதை வியாபாரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. சுவையில் குறையில்லை, காய்ப்புதான் நிச்சயமில்லை. ஒரு வருடம் காய்க்கும், மறு வருடம் கைவிரிக்கும். வங்கிக் கடன் கட்டவேண்டிய தோட்டக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. பிள்ளைகள் சந்தையைப் பிடித்தார்கள், தாய் ஒதுங்கிக்கொண்டாள். இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்கும் டாமி அட்கின்ஸும் இதே ஹேடனின் பிள்ளைதான். ஒரு வேடிக்கை: இந்தப் பேரப்பிள்ளைகள் அமெரிக்கக் கடைகளில் குவிந்து கிடந்த காலத்தில், பூச்சிக் கட்டுப்பாட்டு விதிகளால் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா பல வருடம் விசா தரவில்லை. 2007-ல்தான் கதவைத் திறந்தார்கள். அதற்கு ஈடாக நாம் ஹார்லி டேவிட்சன் பைக்குகளுக்கு வழிவிட்டோம்.

இப்போது மறுபடி தைவான். 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசு தைவானுக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முன், 1948-ல், அமெரிக்கப் பணத்தோடு கிராமப் புனரமைப்புக்காக ஒரு கூட்டு ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. பெருநிலப்பரப்பில் விவசாயிகளைக் கைவிட்டதால்தான் தோற்றோம் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. 1949-ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றார்கள். 1953-ல் உழுபவருக்கே நிலம் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் அதே ஆணையம் ஃப்ளோரிடாவிலிருந்து மாங்கன்றுகளைக் கொண்டுவந்தது.

இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வருவதை நான் முக்கியமாக நினைக்கிறேன். குத்தகைதாரன் மாமரம் நடமாட்டான். நெல் என்றால் நாலு மாதத்தில் கையில் காசு. மாமரம் என்றால் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும், அதற்குள் நிலத்துக்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டால்? மரம் நடுவதற்கு முதலில் நிலம் தன்னுடையது என்ற நம்பிக்கை வேண்டும். பொருளாதாரப் புத்தகத்தில் 'நீண்டகால முதலீடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு விவசாயி வீட்டில் அது எத்தனை ராத்திரி தூக்கம் என்று புத்தகத்தில் இருக்காது.

அந்த விவசாயியின் பெயர் ஜெங் ஹான்-ச்சி. ஊர் தைனானுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் யூஜிங். அந்த ஊருக்கு அதற்கு முன்பே வேறொரு வரலாறு உண்டு. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் காலனி. 1915-ல் அங்கே ஜப்பானியருக்கு எதிராகப் பெரிய ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அப்போது ஊரின் பெயர் தபானி. கிளர்ச்சியை நசுக்கினார்கள், எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பலருக்குப் பிறகு தண்டனை குறைக்கப்பட்டது என்றாலும் கிராமங்கள் அழிந்தது அழிந்ததுதான். 1920-ல் ஊரின் பெயரையும் மாற்றினார்கள். இன்று தைவானில் யூஜிங் என்றால் எல்லோருக்கும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும்.

1960-களின் தொடக்கத்தில் ஜெங் 100 இர்வின் கன்றுகளை வாங்கி நட்டார். யூஜிங் வெப்பமண்டலக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் உள்ளே. கோடு அதற்கு வடக்கே ச்சியாயி வழியாகப் போகிறது. மலையடிவாரம் வேறு. குளிர்காலத்தில் பனி விழுந்தது. 96 கன்றுகள் செத்தன. மிஞ்சியது 4.

இந்த இடத்தைப் படித்தபோது கேல் வீட்டு ஒற்றை மரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ எழுபது வருடம் தள்ளி, பூமியின் மறுபக்கத்தில், அதே குடும்பத்துக்கு அதே பனி. நம் ஜெங் அந்த நாலு மரங்களை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். அவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்து, எப்படிப் பராமரிப்பது என்று கற்றுக்கொண்டு, ஒட்டுக் கட்டிப் பெருக்கினார். பழம் காய்த்துச் சந்தைக்குப் போனபோது சிவப்பு நிறத்துக்கே விலை கிடைத்தது. அக்கம்பக்கத்தார் கேட்டு வந்தார்கள். மலைச்சரிவுகள் மாந்தோப்புகளாயின. தைவானில் அவரை இர்வின் மாம்பழத்தின் தந்தை என்கிறார்கள். 96 கன்று செத்த மறுநாள் காலையில் அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். அதை எந்த ஆணையத்தின் அறிக்கையும் எழுதி வைக்காது.

அண்ணன் எங்களை ரயிலும் பஸ்ஸுமாக யூஜிங் சந்தைக்கும் அழைத்துப் போயிருந்தார். அப்போது இந்தக் கதை எதுவும் எனக்குத் தெரியாது, அதுதான் வருத்தம். கூடை கூடையாகச் சிவப்புப் பழம். தோட்டங்களில் ஒவ்வொரு காய்க்கும் வெள்ளைக் காகித உறை போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் முழுக்கக் கொக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பெரியம்மா ஒரு தோட்டத்தைக் காட்டி, "ஒவ்வொரு காய்க்கும் கவர் போட எத்தனை ஆள் கூலி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பழத்தின் விலையில் பெரும்பகுதி அந்தக் கூலிதான் என்று நினைக்கிறேன்.

ஐஸ் எப்போது சேர்ந்தது? சீவிய ஐஸ் ஜப்பானியர் காலப் பழக்கம். சிவப்புப் பயறு, வேர்க்கடலை, சேப்பங்கிழங்கு எல்லாம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாம்பழத்தை மலை மாதிரி குவித்துக் கொடுக்கும் இன்றைய வடிவத்தைப் புகழ்பெறச் செய்தது 1990-களில் தாய்பேயின் யோங்காங் தெருவில் இருந்த ஒரு கடை. பிறகு சுற்றுலாப் பயணிகள் அதற்காகவே தாய்பே வரும் அளவுக்குப் போய்விட்டது. நம் சென்னைக்கும் ஐஸுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் டியூடர் கம்பெனி கப்பலில் கொண்டுவந்த ஏரி ஐஸைச் சேமிக்க 1840-களில் கட்டியது. அங்கிருந்து ஐஸ் இங்கே வந்தது, இங்கிருந்து மாம்பழம் அங்கே போனது. இரண்டும் கடைசியில் தைவானில் ஒரே கிண்ணத்தில் சந்தித்துக்கொண்டன.

வணிகவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். மாம்பழத்தின் பெரிய சாபம் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பது. ஆறு வாரத்தில் விற்றாகவேண்டும், இல்லையென்றால் குப்பை. விளைச்சல் அமோகம் என்றால் விலை சரியும். பெட்டிக்குள் வைத்து அனுப்பப் பழம் அழகாக இருக்கவேண்டும். ஆனால் சதுரமாக நறுக்கி ஐஸ் மேல் கொட்டும் பழத்துக்கு முகம் பார்ப்பவர் யார்? கோணல் பழத்துக்கும் ஒரு மார்க்கெட் பிறக்கிறது. வெளிச் சந்தை நம்பக்கூடியதாக இல்லாதபோது இது இன்னும் முக்கியம். 2023 ஆகஸ்டில் சீனா, மாவுப்பூச்சி இருக்கிறது என்று காரணம் சொல்லித் தைவான் மாம்பழ இறக்குமதியை நிறுத்தியது. 2021-ல் அன்னாசிக்கும் இதே கதை. பூச்சியா அரசியலா என்று தைவான்காரர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அந்த வருடம் உள்ளூர்க்காரர்களும் என்னைப் போன்ற சுற்றுலாக்காரர்களும் சாப்பிடும் ஐஸ் சும்மா ஃபோட்டோவுக்கான ஐஸ் இல்லை.

இதே இர்வின் ஜப்பானின் மியாசாகியில் கண்ணாடிக் குடிலுக்குள் வளர்கிறது. ஒவ்வொரு பழத்துக்கும் வலை கட்டி, தானாகக் காம்பு விட்டு விழும்வரை காத்திருக்கிறார்கள். 2019-ல் அங்கே ஏலத்தில் இரண்டு பழம் 5 லட்சம் யென்னுக்குப் போனது. கொரியாவின் ஜேஜு தீவிலும் இதுதான். அந்தப் பழத்தைப் போட்டு சியோலில் ஒரு நட்சத்திர ஹோட்டல் விற்கும் ஐஸ், 2024-ல் 1,02,000 வோன். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல்! அதற்கும் வரிசை நிற்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். "நீங்க உறை போடக் காணாதுன்னு சொன்னது நம்ம மல்கோவா பரம்பரை பெரியம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் பிறந்த வீட்டு மல்கோவா மரத்தைப் பற்றிச் சொன்னார். கிணற்று மேட்டில் இருந்ததாம். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்கும் என்று மாமா அதை வெட்டிவிட்டு வரிசையாகப் பெங்களூரா வைத்துவிட்டார். பெங்களூரா வருஷா வருஷம் காய்க்கும், மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரியில் போகும். "அவனைச் சொல்லிக் குத்தமில்ல கண்ணு, ரெண்டு புள்ளைங்கள படிக்க வைக்கணுமில்ல" என்றார். ஃப்ளோரிடாக்காரர்கள் சொன்ன அதே காரணம்.

பிறகு, "அந்தப் பட்டாளத்துக்காரர் சம்சாரம் பேரு என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"ஃப்ளாரன்ஸ்."

"எட்டு வருஷம் தண்ணி ஊத்தி வளத்தது அந்தம்மா. மரத்துக்குப் பேரு மட்டும் அவரு பேரா?"

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1902-லிருந்து 1910, எட்டு வருடம்தான். அதில் ஏழு வருடம் அந்த அம்மா தனியாக.